கிருபைபுரம் கோயிலின் பின்பாதி

1934இல் கிருபைபுரம் வேதக்கோயிலை ஆளில்லாத நேரம் பார்த்துப் படம் பிடித்தார்கள். கழுவிப் பார்த்தபோது கோயில் நிறைய ஆள் இருந்தது. அத்தனை பேரும் செத்தவர்கள். இராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த காசிராஜன்தான் படம் எடுத்தவர். பழைய தகட்டின் மேலேயே எடுத்துத் தொலைத்துவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம். மறுநாள் புதுப்பெட்டி பிரித்து, மெக்னீசியப் பொடி கொளுத்தி, இன்னொரு படம் எடுத்தார். அதிலும் அவர்களே இருந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் பெஞ்சு மாறியிருந்தார். படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் பீடத்துக்கு முதுகைக் காட்டிக் கேமராப் பக்கம் திரும்பிவிட்டதுதான் குருவானவர் தேவநேசனுக்கு வருத்தம். மற்றபடி படம் தெளிவாக விழுந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

கிருபைபுரம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுந்தரபாண்டியம் போகிற வழியில் இருக்கிறது. கோயில் கட்டி ஐம்பது வருஷம் ஆனதற்காக ஒரு விழாப் புத்தகம் போட ஏற்பாடாகியிருந்தது. கோயிலின் உட்புறப் படத்தை முதலில் வைத்து, அதன் பின்னால் சபையார் ஒவ்வொரு குடும்பத்தின் கதையையும் அச்சடிப்பதாகத் திட்டம். செத்தவர்கள் தாங்களே வந்து உட்கார்ந்துகொண்டதால் வேலை சுலபமாயிற்று. வண்டி கட்டிக்கொண்டு வந்து அவரவர் தாத்தாவையும் அத்தையையும் அடையாளம் காட்டி, கதையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். முன் பெஞ்சில் கடிகாரச் சங்கிலி தொங்க உட்கார்ந்திருந்தவர், சபைத் தலைவர் இராஜரத்தினத்தின் அப்பா வேதசிரோமணி. புத்தகத்தின் முதல் வரியே அவரைப் பற்றியதுதான்: அவருடைய முயற்சியாலும் தேவகிருபையாலும், ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல் இந்த ஆலயம் எழும்பிற்று.

சபையில் இந்த வரியை வாசிக்கக் கேட்டுவிட்டுத்தான் ஏசம்மாள் எழுந்தாள். இராஜபாளையத்து ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு பொறுக்குகிறவள். அவளுடைய ஆத்தா மாடத்தி இந்தக் கோயிலுக்குச் சாந்து சுமந்தவள். வாசலை ஒட்டிய பின்வளைவைப் பூசும்போது சாரம் சரிந்து விழுந்து செத்தாள். ஏசம்மாள் அப்போது மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை. கோயில் பிரதிஷ்டை அன்று மாடத்திக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்தது. அதற்கு முன்னால் செத்துப்போனதால் அவள் கிறிஸ்தவள் இல்லை என்று சொல்லி, கல்லறைத் தோட்டத்தில் இடம் தராமல் ஓடைக்கரையில் புதைத்தார்கள். அவள் சாந்து சுமந்த வளைவுக்குக் கீழே நின்று அவளுக்கு இடமில்லை என்று சொல்ல இவர்களுக்கு நாக்கு எப்படித்தான் புரண்டதோ தெரியவில்லை. ஏசம்மாள் இதையெல்லாம் சபையில் சொன்னாள். இராஜரத்தினம் தன் அப்பா பேரைக் கெடுக்க வந்த கதை இது என்றார். பொய் சொன்னேன் என்று சபை முன்னால் நின்று ஒத்துக்கொள்ளும்வரை அவளுக்கு நற்கருணை கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். குருவானவரும் கையெழுத்துப் போட்டார்.

“எங்காத்தா சாகலைன்னா, என்னைய எதுக்கு ஊரார் சோறு போட்டு வளத்தாக?” என்று ஏசம்மாள் கேட்டாள். அதற்குப் பதிலாகப் படத்தைத்தான் நீட்டினார்கள். செத்தவர்கள் எல்லோரும் இதில் இருக்கிறார்கள், உன் ஆத்தா எங்கே என்றார்கள். உள்ளபடியே மாடத்தி அதில் இல்லை.

ஏசம்மாள் பாக்டரி விட்டதும் ஸ்டுடியோவுக்குப் போய், படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள் என்று காசிராஜனிடம் கேட்டாள். இதென்ன கேள்வி என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. வேதக்கோயில் என்றால் வாசல்பக்கம் நின்று பீடத்தைப் பார்த்து எடுப்பதுதான் வழக்கம். இந்தச் சீமையில் எந்தக் கோயில் படமும் அப்படித்தான் இருக்கும். பின்வளைவுக்கு அடியில் முக்காலியை ஊன்றியதாகச் சொன்னார்.

“அது எங்க எடம்லா. பெஞ்சு எங்களுக்குக் கெடையாது, எங்க ஆளுக அங்கனதான் நிக்கும். அவுக நெஞ்சு மேலயே காலை ஊண்டிக்கிட்டு நின்னுருக்கீகளே” என்றாள் ஏசம்மாள்.

காசிராஜன் சிரிப்பை நிறுத்தினார். பிழைப்பில் இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கோயிலின் பின்பாதியைக்கூட எடுத்ததில்லை. மறுநாளே போய், பீடத்துப் பக்கமிருந்து வாசலைப் பார்த்து ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்று சபையாரிடம் கேட்டார். கேமரா பீடத்துக்கு முதுகைக் காட்டுவது மரியாதையில்லை என்றார் இராஜரத்தினம். செத்தவர்கள் அத்தனை பேரும் முதுகைக் காட்டியபோது இந்த மரியாதை எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதோடு, பின்பாதியில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்று வேறு சொன்னார். பீடத்துக் கிராதிக்குள் குருவானவரைத் தவிர யாரும் போகக் கூடாது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை குருவானவர் தேவநேசன் கிராதிக் கதவைத் திறந்தே போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். தீர்மானத்தில் போட்ட கையெழுத்து அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அந்த மனிதரால் முடிந்த துணிச்சல் அவ்வளவுதான்.

திறந்த கதவுக்குள் நின்று காசிராஜன் எடுத்த படத்தில் பின்பாதி பிதுங்கி வழிந்தது. உட்கார இடமில்லாமல் எல்லோரும் நின்றார்கள். கொத்துக்கரண்டியோடும் மண்வெட்டியோடும் நின்றவர்களுக்கு நடுவில், வளைவுக்குக் கீழே, மாடத்தி. மகளைவிட வயதில் சின்னவள். சாந்துக்கூடை தலையிலேயே இருந்தது. முன் பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் இப்போது பின்பக்கம் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேதசிரோமணி மட்டும் தலையைக் குனிந்திருந்தார்.

படத்தைப் பார்த்து ஏசம்மாள் அழவில்லை. அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஐம்பது வருஷமாகத் தலைச்சுமையோடு ஒருத்தி நிற்கிறாள். பிரசங்கம், கல்யாணம், கிறிஸ்துமஸ் எல்லாம் அவளைத் தாண்டி நடந்திருக்கிறது. இறக்கி வை என்று சொல்ல ஒரு நாதியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் ஏசம்மாள் உள்ளே வந்து வளைவுக்குக் கீழே நின்றாள்.

“ஆத்தா, போதும். எறக்கி வையி” என்றாள்.

சொத்தென்று சத்தம் கேட்டது. தரையில் ஒரு கூடை சுண்ணாம்புச் சாந்து, அரைக்கும்போது சேர்த்த கடுக்காயும் கருப்பட்டியும் மணக்க, ஈரம் காயாமல் கிடந்தது. சபையார் எட்டிப் பார்த்தார்கள். இராஜரத்தினம், யாராவது கூட்டி அள்ளுங்கள் என்றார். யாரும் நகரவில்லை. தேவநேசன் பீடத்திலிருந்து இறங்கி, அப்பமும் பாத்திரமுமாக ஏசம்மாளிடம் வந்தார்.

“மொதல்ல அவளுக்கு ஞானஸ்நானம் குடுங்கய்யா. பொறவு எனக்கு” என்றாள் அவள்.

குருவானவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குனிந்து, மாடத்தி என்று பேர் சொல்லி, சாந்தின் மேல் மூன்று தரம் தெளித்தார். பிறகுதான் ஏசம்மாள் வாயைத் திறந்து அப்பத்தை வாங்கினாள்.

விழாப் புத்தகம் ஒரு மாதம் பிந்தி வந்தது. முதல் வரியில், ‘அதிக உயிர்ச்சேதமில்லாமல்’ என்று ஒரு வார்த்தையை மாற்றி இராஜரத்தினம் சமாளித்திருந்தார். மாடத்தியின் பேர் எங்கேயும் இல்லை. ஒரு பேரை அச்சுக்கோக்க எம்புட்டு ஈயம் செலவாகிவிடும் என்று கேட்கத் தோன்றுகிறது. அடையாளம் காட்டவென்று கைமாறிய பழைய படங்கள் கசங்கிவிட்டன, தகடுகளும் உடைந்துவிட்டதாகக் காசிராஜன் சொன்னார்; முதல் பக்கத்துப் படத்துக்காக அவரை மறுபடி வரவழைத்து, வழக்கப்படி வாசல்பக்கம் நின்றே எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். முன் பெஞ்சில் வேதசிரோமணி ஓரமாக ஒதுங்கி இடம் விட்டிருந்தார். பக்கத்தில் மாடத்தி, தலையில் சும்மாடுகூட இல்லாமல், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அச்சகத்துக்குக் கொடுக்க வேறு படம் இல்லாததால் அதையே அச்சடித்தார்கள்.

புத்தகம் வெளியான ஞாயிறு ஏசம்மாள் பின்வளைவில் நிற்காமல் நேராக முன்னால் நடந்து, படத்தில் ஆத்தா இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். இராஜரத்தினம் எழுப்ப வந்தார். பெத்தவள் மடியில் உட்கார்ந்திருக்கிறேன், இதற்கும் தீர்மானம் போடுவீர்களா என்று அவள் கேட்டாள்.  இராஜரத்தினம் தன் அப்பாவுக்கு இடிக்காத அளவுக்கு இடம் விட்டு, அதே பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்துகொண்டார்.