மூன்றாவது எஸ்டிமேட்

பதினொரு நாளாகத் தம்பிராசா தன் காரின் முன்பக்கம் போகவில்லை. காலையில் வாளியும் துணியுமாக முற்றத்துக்கு வருவார். பின்னால் டிக்கியில் தொடங்கி, பின்கதவு, முன்கதவு என்று துடைத்துக்கொண்டே வருவார். முன்கதவோடு கை நின்றுவிடும். அதற்கு அப்பால் சில்லுக்கு மேலே நசிந்துபோன இடதுபக்க மட்காட்டும், உடைந்த லைற்றும், ஓரம் உள்வாங்கிய பொனட்டும் வேறு யாருடைய காரினுடையவோ போலத் தூசி படிந்து கிடந்தன. வாடகைக்கு ஓடி மூன்று பெண்பிள்ளைகளைச் சோறு போட்டு வளர்த்த ஒஸ்டின் கார் அது. அதன் மூக்கில் ஒரு பொட்டுச் சேறு தெறித்தாலும் உடுத்த சாரத்தின் நுனியால் துடைக்கிற மனிதர் அவர். இப்போது பின்பக்கத்தால் சுற்றிப் போய்த்தான் சாரதிக் கதவைத் திறந்தார்.

மூத்தவள் ஐவி இதைக் குசினி யன்னலால் பார்த்து எரிச்சல்பட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும்தான் எரிச்சல். பேராதனைக் கம்பசில் பட்டம் எடுத்துக்கொண்டு வந்து இரண்டு வருஷம் முடிகிறது. அறுபது விண்ணப்பம் போட்டிருப்பாள். வந்த மறுமொழிகளை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பட்டத்தால் தெருவுக்குக் கிடைத்த பயன் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஏதும் நிரப்ப வேண்டுமென்றால் ஆட்கள் நேரே அவளிடம் வந்தார்கள். பென்சன் கடுதாசி, காணிக் கடுதாசி, கப்பலில் வேலைக்குப் போன மகனைத் தேடுகிற கடுதாசி. அப்பாவின் இன்சூரன்ஸ் கடுதாசியையும் அவள்தான் நிரப்பினாள்.

"மான் எண்டு எழுது பிள்ளை," என்றார் தம்பிராசா. "கோட்டையடி. பொழுதுபடேக்க."

திருகோணமலையில் மானை இடித்தேன் என்றால் ஒருவரும் மறுகேள்வி கேட்பதில்லை. பின்னேரமானால் கோட்டைக்குள் இருந்து மான்கள் இறங்கி வந்து மைதானத்தில் மேயும், மார்க்கெற்றில் வீசிய முட்டைக்கோவா இலையைத் தின்னும், நடுரோட்டில் படுத்துக்கொண்டு பஸ்காரனை ஹோர்ன் அடிக்க வைக்கும். ஐவி எழுதினாள். எழுதுகிறபோது அவளுக்குக் கை வந்துவிட்டது. அப்பா சொல்லாத ஒரு வசனத்தையும் சேர்த்தாள். அடிபட்ட மிருகம் எழும்பி, நொண்டியபடியே கோட்டைத் திசையில் ஓடி மறைந்தது. வசனம் நன்றாக விழுந்திருந்தது. அதைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டியபோது தம்பிராசா கடுதாசியை வாங்கி, தனக்குப் புரியாத எழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடினதெண்டோ எழுதினனீ?"

"ஓம். ஏன், ஓடேல்லையே?"

"ஓடியிருக்கும்," என்றார் அவர்.

அந்தப் பதில் அவளை அப்போது ஒன்றும் செய்யவில்லை. வேறு சில விஷயங்களும் ஒன்றும் செய்யவில்லை. காரின் உள்ளே, பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடி கூரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் நேராக்கி விட்டாள். அடுத்த நாள் மறுபடி கூரையைப் பார்த்தது. அப்பா நாளுக்கு இரண்டு பேப்பர் வாங்கத் தொடங்கியிருந்தார். கடைசிப் பக்கத்தில் இருந்து முன்பக்கத்துக்கு, விரலை வைத்து வரிவரியாய் வாசித்தார். தனக்குத்தான் வேலை விளம்பரம் தேடுகிறார் என்று நினைத்து அவள் ஒரு நாள், "அதில எங்களுக்கு ஒண்டும் இராது அப்பா, விடுங்கோ," என்று கூடச் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

கொழும்பு இன்சூரன்ஸ் கம்பனியில் இருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை சேதம் பார்க்க ஆள் வருவார். அதற்குள் மூன்று கராஜ்களில் திருத்தச் செலவுக்கு எஸ்டிமேட் எடுத்து வைக்க வேண்டும். அந்த மூன்றில் எந்த கராஜைத் தெரிவுசெய்கிறீர்கள் என்று கடைசிக் கட்டத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

முதலாவதை ஸுஹைரிடம் எடுத்தார்கள். உட்துறைமுக வீதியில் சீமெந்து போட்ட பெரிய கராஜ். பெயின்ற் அடிக்கத் தனி அறை. ஸுஹைர் காரைக் கண்ணால் ஒருமுறை பார்த்தார், மட்காட் புதிது போடுவோம் என்றார், ரைப் அடித்துக் கொடுத்தார். எப்படி அடிபட்டது என்று கேட்கவேயில்லை. கேட்காதது ஐவிக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது, அம்மாவின் தம்பி சிறில். முன்பு கடற்படைத் தளத்தில் தகட்டு வேலை செய்தவர், இப்போது வீட்டு வளவில் ஒரு கொட்டில் போட்டுத் தட்டுகிறார். வாய் ஓயாத மனிதர்.

"மானோ? நல்ல சாமான்," என்றார். "மான் வந்து கோட்டில சாட்சி சொல்லாது. பெட்டை மானோ, கிடாய் மானோ அத்தான்?"

தம்பிராசா காருக்குள்ளேயே இருந்தார். சிறில் சிரித்தபடி மட்காட்டின் முன்னால் குந்தினார். குந்தியவர் கொஞ்ச நேரம் எழும்பவில்லை. எழும்பியபோது சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் அதை அங்கே மறந்து விட்டுவிட்டுப் போனவர் மாதிரி இருந்தார்.

"அத்தான் மான் எண்டால் மான்தான்," என்றார். பில் புத்தகத்தில் எழுதிக் கிழித்து ஐவியிடம் நீட்டினார். "வாறவன் பாத்திட்டுப் போகட்டும். அண்டைக்கே நான் மட்காட்டைக் கழட்டி வெட்டி இரும்புக்காரனுக்குப் போட்டிடுவன். பிறகு கடவுளுக்கும் தெரியாது."

"கடவுளுக்கு ஏன் மாமா தெரியக்கூடாது?"

"உன்ர கேள்விக்கெல்லாம் கம்பசிலதான் மறுமொழி இருக்கும் பிள்ளை. என்னட்டச் சுத்தியல்தான் இருக்கு."

மாமாவின் சிரிப்பு நின்ற இடத்தை ஐவி கவனித்தாள். கவனித்ததை மடித்துக் கைப்பைக்குள், அந்தப் பில்லோடு சேர்த்து வைத்துவிட்டாள்.

மூன்றாவதற்குக் கிண்ணியாவுக்குப் போவோம் என்று ஐவி சொன்னபோதுதான் தம்பிராசா முதல்முறையாக மறுத்தார். "ரெண்டு காணும். கடல் தாண்டிப் போய் என்னத்துக்கு?"

"மூண்டெண்டு போட்டிருக்கிறான் அப்பா. ரெண்டைக் குடுத்தால் திருப்பி அனுப்புவான். எங்கட கடுதாசியைத் திருப்பி அனுப்பவே அங்க ஒருத்தன் சம்பளம் எடுக்கிறான். அவனுக்கு நான் காரணம் குடுக்கமாட்டன்."

அவர் அவளைப் பார்த்தார். சாரத்தை இறுக்கிக்கொண்டு, பின்பக்கத்தால் சுற்றிப் போய்க் காரில் ஏறினார்.

கிண்ணியாத் துறையில் பாதை என்று சொல்கிற அந்தத் தட்டை மிதவை, காரையும் சைக்கிளையும் ஆட்டையும் மனிதரையும் ஒன்றாகச் சுமந்து அக்கரை சேர்த்தது. தகடு தட்டுகிற முத்தலிப்பின் பட்டறை துறையில் இருந்து நடக்கிற தூரம். பெயர்ப் பலகை இல்லை. வேப்ப மரத்தில் கழற்றிய லொறிக் கதவு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. முத்தலிப்புக்கு ஐம்பது வயதிருக்கும், தொப்பிக்குக் கீழே காதோரம் நரைத்தவர். பெரிதாக வரவேற்கவில்லை.

"இரிங்க மகள்," என்று ஒரு கதிரையைக் காட்டினார். "என்ன பட்டது?"

"மான்," என்றாள் ஐவி.

அவர் மண்ணெண்ணெய்த் துணியால் மட்காட்டைத் துடைத்தார். பிறகு வலது உள்ளங்கையைப் பள்ளத்தில் வைத்தார். இடது கையைச் சில்லுக்கு மேலால் உள்ளே விட்டுத் தகட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். கண் அங்கே இல்லை. களப்புத் தண்ணீரையும் அதில் நிற்கிற கொக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளுக்கும் நடுவில் தகடு இருக்க, மெல்ல மெல்லக் கைகள் நகர்ந்தன. காய்ச்சல்காரனின் வயிற்றை அமுக்கிப் பார்க்கிற வைத்தியர் மாதிரி என்று ஐவி நினைத்தாள். காருக்குள் தம்பிராசா ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார், ஓடுகிற காரில் இருப்பவர் போல.

"இது மான் இல்ல மகள்."

"என்ன?"

"மான் பட்டா பள்ளம் சட்டி மாதிரி இரிக்கும். லைற்று வளையத்துல மயிர் பிடிச்சிரிக்கும். இது கோடு. இஞ்ச ஒண்டு, இஞ்ச ஒண்டு. இரும்பு. பச்சைப் பெயின்ற் ஒட்டியிருக்கு, பாருங்க. சைக்கிள்." அவர் உள்ளே விட்ட கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினார். விரலில் காய்ந்த களிமண் கறுப்பாய் உதிர்ந்தது. "இது வயல் சேறு. கோட்டையடியில எங்க வயல்?"

பிறகு அவர் கை பொனட்டின் ஓரத்துக்கு ஏறியது. அங்கே பள்ளம் என்று சொல்லக்கூட முடியாத ஓர் அகலமான அமுக்கம். அதில் கையை வைத்ததும் எடுத்துவிட்டார்.

"இது இரும்பில்ல," என்றார். "இது மெத்தெண்டது."

ஐவி கிட்ட வந்து குனிந்தாள். "மெத்தெண்டதெண்டால்?"

முத்தலிப் துணியில் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "மகள், ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு லொறிக்காரன் மாடு எண்டு சொன்னான். நானும் நம்பித் தட்டிக் குடுத்தன். மூணு நாள் பொலிசில குந்தி இருந்தவன் நான், என்ட பொண்டாட்டி லைலா சோத்தைக் கொண்டு வந்து கம்பிக்கு வெளியில நிண்டவ. அதுக்குப் பொறகு எஸ்டிமேட்டில என்ன பட்டது எண்டு நான்தான் எழுதுவன். தகடு சொல்றத எழுதுவன். உங்கட கதை எனக்கு வேணாம். எழுதித் தரவா, வேணாமா?"

"எழுதுங்கோ," என்றாள் ஐவி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிடிவாதமாக இருக்கலாம். மூன்று என்றால் மூன்று.

அவர் தமிழில் எழுதினார். சைக்கிளும் ஆளும் பட்ட சேதம்.

திரும்பும்போது மிதவைப் பாதையில் வேறு வாகனம் இல்லை. துறைக்காரர் இருவர் கம்பியைப் பிடித்து இழுக்க மிதவை அசைந்தது. ஐவி அப்பாவுக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்தாள். கார் ஓடாமலே தண்ணீரில் நகர்ந்தது. கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆர் அப்பா அது?"

"தெரியாது."

தம்பிராசா ஹான்ட்பிரேக்கைப் பிடித்திருந்த கையை விடவில்லை.

"திரியாய்க்கு ஒரு ஹயர் போனனான். ஆக்களை இறக்கிப்போட்டு வாறன். வயல் ரோட்டு. பொழுது பட்டிட்டுது, லைற் போடுவமெண்டு குனிஞ்சனான். முன்னுக்கு லைற் இல்லாத சைக்கிள். ஒரு சத்தம்தான் பிள்ளை. பெரிய சத்தமும் இல்லை." அவர் ஹான்ட்பிரேக்கை இன்னும் கொஞ்சம் இழுத்தார். "நிப்பாட்டத்தான் நினைச்சனான். கால் பிரேக்கிலதான் இருந்தது. பிறகு அங்க இல்லை. கண்ணாடியில தெரியுமெண்டு கண்ணாடியைத் திருப்பிவிட்டிட்டன்."

"ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"தெரியாது."

"சின்ன ஆளோ?"

"தெரியாதெண்டுறன் ஐவி." அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷங்கள் இருக்கும். "பேப்பரில ஒண்டும் வரேல்லை. வராமல் இருந்தால் தப்பியிருக்கும், என்ன? செத்தால் போடுவான்தானே?"

திரியாயில் ஒருத்தர் சைக்கிளோடு வயலில் விழுந்து செத்தால் கொழும்புப் பேப்பர் போடாது என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஐவிக்குக் கோபம் வந்தது. எப்போதும் வருகிற கோபம்தான், கொழும்பில் கடுதாசியைத் திருப்பி அனுப்புகிறவன் மேல் வருகிற அதே கோபம். ஆனால் இந்த முறை அது போய் நிற்க ஓர் இடம் தேடி அலைந்தது. பக்கத்தில் இருக்கிற இந்தக் கிழிந்த பெனியன்காரர் மேல் நின்று பார்த்தது. அங்கே நிற்க முடியவில்லை. அவள் படித்த படிப்புக்கெல்லாம் ஓடிய கார் இது. தானே எழுதிய அந்த வசனத்தில் போய் நின்றது. எழும்பி, நொண்டியபடியே ஓடி மறைந்தது. விழுந்து கிடந்த ஒருவரை அவள் தன் நல்ல ஆங்கிலத்தால் எழுப்பி நாலு காலில் ஓடவிட்டிருந்தாள். அது இப்போது கொழும்பில் ஒரு கோப்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கைப்பையில் மூன்று கடுதாசிகள். சிறில் மாமாவின் பெயரை எழுதினால் திங்கட்கிழமையோடு தகடு இல்லை; கார் ஓடும், தங்கச்சிமார் பள்ளிக்கூடம் போவார்கள், அம்மாவுக்கு ஒன்றும் தெரியவராது. ஸுஹைரை எழுதினாலும் அதுதான். தெரிவுசெய்யாத கராஜின் தமிழ்க் கடுதாசியைக் கொழும்பில் ஒருவரும் வாசிக்கப் போவதில்லை. முத்தலிப்பை எழுதினால் அப்பா பொலிசில். யோசிக்க இதில் அதிகம் இல்லை. ஆனால் எந்தப் பெயரை எழுதினாலும், அந்த மெத்தென்றது யார் என்று தெரியாமலே அவர் மிச்சக் காலம் முழுக்கக் காரின் பின்பக்கத்தால் சுற்றிப் போய் ஏறுவார். அவளும் சுற்றிப் போவாள்.

மிதவை கரையில் முட்டியது. துறைக்காரர் பலகையைப் போட்டார்கள். தம்பிராசா காரைக் கரையேற்றினார். உப்புவெளி தாண்டி வடக்கே போகிற ரோட்டின் சந்தியில் ஐவி சொன்னாள், "நேர விடுங்கோ அப்பா."

"எங்க?"

"திரியாய்க்கு. போயிட்டு வந்து கராஜின்ர பேரை எழுதுவம்."

"ஏலாது பிள்ளை."

"எனக்கும் ஏலாது. விடுங்கோ."

பின்னால் ஒரு மாட்டு வண்டிக்காரன் வழி விடச் சொல்லிக் கத்தினான். அதனால்தானோ என்னவோ, கார் நேரே போனது. நிலாவெளி போனது, இறக்கக்கண்டி போனது. கடல் ஒருபக்கம் மின்னிக்கொண்டே கூட வந்து, பிறகு விலகிப்போனது. ரோட்டின் இரண்டு பக்கமும் வயல் வந்தது. தம்பிராசா வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஒரு மருத மரத்தடியில் நிறுத்தினார். "இந்த இடம்தான்," என்றார். ரோட்டில் ஒன்றும் இல்லை. கண்ணாடித் துண்டுகூட இல்லை.

ஐம்பது யார் தூரம் தள்ளி ரோட்டில் இருந்து ஓர் ஒழுங்கை பிரிந்தது. அதன் வாசலில் இரண்டு கம்பு நட்டு, குறுக்கே கயிறு இழுத்து, குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். கட்டி ஒரு கிழமைக்கு மேலே இருக்கும். ஓலை பழுத்துக் காய்ந்து மண்நிறமாகியிருந்தது. கலியாண வீடென்றால் ஓலையின் மடிப்பு மேலே பார்த்திருக்கும். செத்த வீடென்றால் கீழே பார்த்திருக்கும். ஐவி கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். வெயிலில் மடிப்புகள் சுருண்டு போயிருந்தன. ஒன்றை உற்றுப் பார்த்துப் பிடிபடுகிற நேரம் வயலில் இருந்து காற்று வந்து அதைத் திருப்பியது. மற்றதைப் பார்த்தாள். அதுவும் திரும்பியது. ஒழுங்கைக்குள் யாரோ செருப்பு இழுபட நடந்து வருகிற சத்தம் கேட்டது. தம்பிராசா என்ஜினை நிறுத்தினார். காய்ந்த ஓலைகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, மேலும் கீழுமாய்ச் சுழன்றுகொண்டிருந்தன.