காஜா பாய் கடைப் பலகை

எனக்கு அரபியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் மேலப்பாளையம் கடைத்தெருவில் அரபி டைப்பிங் என்றால் தேன்மொழிதான். பதினோரு வருடமாக நான்தான். அம்பாசமுத்திரத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து, "அந்த அக்கா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் டைப்பிங், பிளக்ஸ் கடைக்குள் கால் வைப்பார்கள். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

என் முறை இது. அரபி வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும். கடையில் இருந்த பழைய சாப்ட்வேருக்கு அந்த விவரமெல்லாம் கிடையாது. எதை அடித்தாலும் தமிழைப்போல இடமிருந்து வலமாகத்தான் அடுக்கும். அதனால் நான் வாலிலிருந்து அடிப்பேன். கடைசி எழுத்து முதலில், முதல் எழுத்து கடைசியில். அதோடு அரபியில் ஒரே எழுத்துக்குச் சொல்லின் தொடக்கத்தில் ஒரு முகம், நடுவில் ஒரு முகம், முடிவில் ஒரு முகம். பழைய சாப்ட்வேரில் ஒவ்வொரு முகத்துக்கும் தனிக் கட்டை. வாடிக்கையாளர் எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்து, முகத்துக்கு முகம் பொருத்தி, ஒட்டுத் தெரியாமல் சேர்த்துவிடுவேன். படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு "மாஷா அல்லாஹ்" என்பார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

போன வியாழக்கிழமை முதலாளி குமரகுருபரன் அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். பழையதை எடைக்குப் போட்டுவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குக் காஜா முகைதீன் பாய் வந்தார்.

காஜா பாய் சவூதியில், தம்மாமில் ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருடம் சமையல்காரராக இருந்தவர். ஊர் திரும்பி, எங்கள் கடைக்கு எதிர்ச்சாரியில் மந்தி என்கிற அரபு நாட்டுக் கறிச்சோற்றுக் கடை போடுகிறார். அன்று சாயங்காலம் திறப்பு.

"தங்கச்சி, என் முதலாளி அபூ ராஷித் திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு வந்திருக்காரு. நாலு மணிக்கு நம்ம கடைக்கு வாராரு. போர்டுல பெருசா 'மத்பக் காஜா'ன்னு அரபியில வரணும். காஜாவோட அடுப்படின்னு அர்த்தம்."

"இம்புட்டுத்தானா?" அவர் நீட்டிய தாளைப் பார்த்து எண்ணினேன். "ஒன்பது எழுத்து. காப்பி குடிச்சிட்டு வாங்க பாய்."

அவர் போகவில்லை. கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

"நல்ல மனுசன் தங்கச்சி. பெருநாளைக்குத் தன் மக்களுக்குத் துணி எடுக்கும்போது எனக்கும் எடுப்பாரு. ஆனா இருவத்திரண்டு வருசத்துல ஒருநாளும் என் பேரைச் சொன்னதில்ல. 'யா வலத்'தான். ஏ பையான்னு அர்த்தம். தாடி நரைச்ச பொறவும் பையன்தான். இன்னைக்கு அவரு வாயால என் பேரை வாசிக்கணும். அதுக்குத்தான் இந்த போர்டே."

எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "வாசிக்க வைக்கேன். உக்காருங்க அங்கன" என்று அதட்டினேன்.

புது சாப்ட்வேர் திரையிலேயே கீபோர்டின் படத்தைக் காட்டியது. கட்டைக்குக் கட்டை அரபி எழுத்து. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடு முகங்களைக் காணோம். மேலே தேடினேன், கீழே தேடினேன். "அண்ணாச்சி, நடு எழுத்தையெல்லாம் எவனோ களவாண்டுட்டான்!" என்று கத்தினேன்.

"புதுசுன்னா அப்படித்தான் இருக்கும். பைய பாரு" என்றார் அண்ணாச்சி, பேப்பரை விட்டுத் தலை தூக்காமல்.

இருப்பதை வைத்து, வழக்கம்போல வாலிலிருந்து அடித்தேன். காஜா பாய் திரையருகே குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஹஜாவகு... கபதம்... இது யாரு கடை தங்கச்சி?"

மறுபடி அடித்தேன். இன்னும் கவனமாக, இன்னும் வாலிலிருந்து. எழுத்துகள் கண்டபடி ஒட்டிக்கொண்டு, மறுபடியும் கபதம்தான். அம்புக்குறிக் கட்டையை வலப்பக்கம் தட்டினால் திரையில் மின்னும் கோடு வேறெங்கோ ஓடியது. இடையில் ஓர் எழுத்தை அழித்தால் பக்கத்து வீட்டு எழுத்து காணாமல் போனது. ஒரு மணிக்குக் காஜா பாய் ஜும்ஆ தொழப் போனார். ஒன்றே முக்காலுக்குத் திரும்பியபோதும் நான் கபதத்திலேயே இருந்தேன். பிளக்ஸ் அடித்து, சட்டம் போட்டு, ஏற்றிக் கட்ட ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. எழுத்து திரும்பித்தானே இருக்கிறது? கண்ணாடிபோலத் திருப்பிப் போடும் வசதியை அமுக்கினேன். மொத்தமும் புரண்டது. "இப்பம் பாருங்க!" என்றேன்.

காஜா பாய் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

"ஆம்புலன்ஸ் முன்னால எழுதியிருக்கும்லா, அது மாதிரி இருக்கு. எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கி. அபூ ராஷித் காரை ரிவர்ஸ்ல ஓட்டிக்கிட்டு, கண்ணாடி வழியா வாசிக்கணும்!"

அண்ணாச்சி பேப்பரைப் போட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு எப்படியோ நானும் சிரித்துத் தொலைத்தேன். சிரித்து முடித்ததும் மணி பார்த்தேன். இரண்டே கால். காஜா பாயின் சிரிப்பும் நின்றுபோயிருந்தது.

"நீங்களே சொல்லுங்க, எதை அமுக்கணும்னு!" என்றேன் ஆத்திரத்தில்.

அவர் விரலை நீட்டினார். "இது மீம்."

"தலையைச் சொல்லுதியளே! வாலைச் சொல்லுங்க பாய்."

"எனக்கு வாலிலேர்ந்து சொல்ல வராது தங்கச்சி. மதரசாவுல தலையிலேர்ந்துதான் சொல்லிக் கொடுத்தாவ."

"ஆனது ஆகட்டும்" என்று மீமை அமுக்கினேன். அடுத்து தா. மீம் தானாகவே முகத்தை மாற்றிக்கொண்டு, இடப்பக்கம் நகர்ந்து வந்த தாவின் கையைப் பிடித்துக்கொண்டது. பா வந்தது, அதுவும் ஒட்டிக்கொண்டது. கா வந்து வாலை வீசியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "ஏலே, தானாச் சரியாச் சேருது!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினேன். மறுபடியும் கா. வாவ், அலிப். இந்த இரண்டும் இடப்பக்கம் கை கொடுக்காமல் முறைப்பாக நின்றன; அதுதான் முறை என்றார் பாய். ஜீம். ஹா. முடிந்தது.

"மத்பக் காஜா" என்று அவர் மெதுவாக வாசித்தார்.

நடு முகங்களை யாரும் களவாடவில்லை. எந்த இடத்தில் எந்த முகம் என்று அந்தச் சாப்ட்வேருக்கே தெரிந்திருந்தது. பதினோரு வருடம் நான் முக்கி முக்கிச் செய்ததை அது மூச்சுவிடாமல் செய்தது. எனக்கு அதன்மேல் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை. பிளக்ஸ் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொரு பக்கம் திறந்து, எழுத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி, அதே ஒன்பதையும் இருபது தடவை அடித்தேன். தலை கிறுகிறுக்கும்வரை அடித்தேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பலகை ஏறியது. நாலே காலுக்குக் கார் வந்தது. அபூ ராஷித் இறங்கினார். வெள்ளை அங்கி, கைத்தடி, பெரிய கறுப்புக் கண்ணாடி. காஜா பாயைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "யா வலத்!" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

காஜா பாய் கையை உயர்த்திப் பலகையைக் காட்டினார். கிழவர் நிமிர்ந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு அரபியில் ஏதோ சொன்னார். பாயின் முகம் வாடிவிட்டது.

"என்னவாம் பாய்?"

"வைத்தியம் கண்ணுக்காம். மருந்து விட்டதுல ஒண்ணும் தெரியலியாம். என்ன எழுதியிருக்குன்னு என்னையே வாசிச்சுச் சொல்லச் சொல்லுதாரு."

திறப்புக்குக் கூடியிருந்த கூட்டத்தில் பாதிப் பேர் அதை வாசிக்கக் கூடியவர்கள். பாயின் ஆசை தெரியாததால் அவரே சொல்லட்டும் என்று காத்து நின்றார்கள். பாயோ கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். தன் பெயரைத் தானே எப்படி எடுத்துக் கொடுப்பார்?

மறுபடியும் எனக்குப் பாவமாக இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். வலப்பக்கத்திலிருந்து விரலை நீட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கத்தினேன்.

"மீம், தா, பா, கா! மத்பக்! கா, வாவ், அலிப், ஜீம், ஹா! காஜா!"

கிழவர் என் பக்கம் திரும்பி, உடம்பு குலுங்கச் சிரித்தார். என் உச்சரிப்பு அப்படி இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, "மத்பக் காஜா" என்று திருத்திச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை, சிரிக்காமல், காஜா பாயின் பக்கம் திரும்பி, "காஜா" என்றார்.

பாய் இரண்டடி தூரத்தில்தான் நின்றார். ஆனாலும் கையைக் காதருகே குவித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காதவர்போலத் தலையைச் சாய்த்தார்.

"காஜா!" என்று கிழவர் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.