பத்துப் பத்துக்கு மேல் வெயில்

இரண்டாவது தடவையும் கொத்தமல்லி ஏமாற்றிவிட்டது. முளைக்காமல் இல்லை. முளைத்தது, நூல் மாதிரி வெளுத்து நீண்டது, அப்புறம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மண்ணிலேயே படுத்துவிட்டது. டிரைவர் பால்கனியில் குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். எத்தனையோ வண்டிகள் நடுரோட்டில் மக்கர் பண்ணியும் அசராதவரை ஒரு சாண் செடி அழ வைத்துக்கொண்டிருந்தது.

பிளானில் தப்பே இருக்க முடியாது. அதைப் போட்டது அவர் மனைவி. அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது.

அவள் தையல்காரி. சட்டை வெட்டுவதற்கு வைத்திருந்த பழுப்புத் தாளில், கட்டம் கட்டமாகத் தோட்டத்தை வரைந்து கொடுத்திருந்தாள். 'கொத்தமல்லி, விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடவும். புதினாவுக்குத் தனிப் பெட்டி, அது அடாவடி, பக்கத்தில் யாரையும் வாழ விடாது. கற்பூரவல்லி ஓரமாக.' கீழே வெயில் கணக்கு. எத்தனை மணிக்கு வெயில் எதுவரை வரும் என்று, ஓரச் சுவரிலிருந்து அங்குலம் அங்குலமாக. எட்டு மணிக்குப் பதினாறு. ஒன்பதுக்கு முப்பத்தொன்று. கடைசி வரி: 'பத்துப் பத்துக்கு நாற்பத்தி நாலு. அதுக்கு மேல நீங்களே பாத்துக்கோங்க.'

மருந்து அவள் நாக்கைச் சாகடித்திருந்தது. "எதைச் சாப்பிட்டாலும் குண்டூசியைக் கவ்விக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்கு" என்பாள். மூக்கு மட்டும் பிழைத்திருந்தது. ஒரு பச்சை இலையைக் கசக்கிக் கொடுத்தால் முகம் கொஞ்சம் விரியும். "கடையில வாங்கினது நாலு நாள் செத்த இலை. நம்ம வீட்டுல உயிரோட கிள்ளணும்" என்று ஆரம்பித்ததுதான் இந்தத் தோட்டம்.

விடியுமுன் டிப்போவுக்குப் போனால் அவர் திரும்பப் பகல் இரண்டு ஆகிவிடும். அவள் கட்டிலில் சாய்ந்திருப்பாள்.

"டைலரம்மா, இன்னைக்கு நடந்தீங்களா?"

"நடந்தேனே. பால்கனியில போய் வெயிலை அளந்துட்டு வந்தேன். டேப்பைப் பாத்ததும் வெயில் வயித்தை எக்கிக்கிச்சு, எல்லாப் பொம்பளைங்க மாதிரி."

"சரி, எந்திரி. ஹாலுக்குப் போகலாம்."

"காலையில நடந்ததே இன்னைக்குப் போதும். டிரைவர் சார் இருக்கும்போது பாசஞ்சர் ஏன் நடக்கணும்? தூக்குங்க."

தூக்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் "எனக்கும் இன்னைக்கு லீவு" என்பாள். அன்றும் தூக்குவார். கொஞ்சுகிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். இந்த இரண்டு மாதமாக அவர் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்ததே அந்த நினைப்பில்தான். கடைசி வரைக்கும் எழுந்து நடந்தாள், தோட்டத்துக்காகத் தினம் வெயில் பார்த்தாள். அந்தத் தோட்டத்தைப் பச்சையாக நிறுத்திவிட்டால், அவள் நடந்த நடையாவது வீணாகாது.

"அண்ணா, இப்படி முறைச்சுப் பாத்தா அது பயந்து வளந்துடுமா?"

தங்கச்சி டீ டம்ளரோடு வந்து நின்றாள். பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அண்ணி படுத்திருந்த காலம் முழுக்கக் காலை ஏழு மணிக்கு வந்து, குளிக்க வைத்து, எட்டுக்குள் தன் வேலைக்கு ஓடியவள். இன்று ஞாயிறு.

"இங்க எங்க வெயில் இருக்கு?" என்று அண்ணாந்து பார்த்தாள். "மேல் வீட்டுக்காரங்க இந்தத் தகர ஷீட்டை இழுத்துவிட்டதுலேருந்து ஒரு துண்டுகூடக் காயறதில்லை."

"காலையில சாஞ்சு வரும். உங்கண்ணி பாத்து எழுதியிருக்கா."

"மணி ஒன்பது. எங்க, வரச்சொல்லு பாக்கலாம்."

அவர் தாளை நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். மூலையில் தேதி இருந்தது. யாருக்கு அளவெடுத்தாலும் தையல்காரி தேதி போடாமல் விடமாட்டாள். உடம்பு மாறும், அளவு பழசாகும் என்பாள். தங்கச்சி தேதியைப் பார்த்தாள். ஷீட்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது ஷீட் போட்டதுக்கு அப்புறம் எழுதினது. அண்ணி இங்க வந்திருந்தா ஷீட் கண்ணுல பட்டிருக்குமே."

"தினம் வந்தாளே!"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வரலைண்ணா. கடைசி ஒன்றரை மாசம் அண்ணியால கால் ஊன முடியல. தூக்கிக் குளிக்க வச்சது நான்தான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் பிள்ளைங்க மேல சத்தியம் வாங்கிட்டாங்க."

"ஏன்?"

"அம்பது பேரை வண்டியில வச்சுக்கிட்டு இதையே நினைச்சு ஓட்டுவாருன்னு பயந்தாங்க."

தூக்குங்க, தூக்குங்க என்று அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஒருநாள் விளையாட்டாக, "ரொம்பத்தான் செல்லம், நாளைக்கு நடக்கலேன்னா டிக்கெட் போடுவேன்" என்று சொல்லியிருந்தார். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அப்போ இந்த அளவு?" என்றார் கடைசியாக. "பொய்யா எழுத அவளுக்குத் தெரியாது. அளவுல பொய் சொல்ல மாட்டா."

இருவருமே அறைப்பக்கம் திரும்பினார்கள். ஜன்னல் வழியாக இறங்கிய வெயில் கட்டிலுக்குப் பக்கத்துத் தரையில் கிடந்தது.

கட்டிலை அவர் இதுவரை அசைத்ததில்லை. ஓரம் தூசி தட்டக்கூட விட்டதில்லை. தங்கச்சி ஒரு பக்கம் பிடிக்க, நகர்த்தினார்கள். தரையில், கட்டில் விளிம்புக்கு நேர் கீழே, துணியில் குறி போடும் நீலச் சாக்பீஸால் சின்னச் சின்னக் கோடுகள். பக்கத்தில் எழுத்து. எட்டு. எட்டரை. ஒன்பது. டேப்பை எடுத்துத் தலைமாட்டுச் சுவரிலிருந்து வைத்துப் பார்த்தார். பதினாறு. இருபத்தி மூன்று. முப்பத்தொன்று. அரை அங்குலம் பிசகவில்லை.

படுத்தபடி, கையைத் தொங்கவிட்டுப் போட்ட கோடுகள். போகப் போகக் கோணலாகிக்கொண்டே போயின. பால்கனி இந்த அறைக்கு அடுத்ததுதானே, இங்கே வருகிற வெயில் அங்கேயும் வரத்தானே செய்யும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். ஷீட் வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

கடைசிக் கோடு பத்துப் பத்து. மற்றதெல்லாம் கோடு, இது வெறும் புள்ளி. விரல் நுனிதான் எட்டியிருக்கிறது.

தங்கச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் தரையில், கட்டில் இருந்த இடத்தில் மல்லாந்து படுத்தார். கையை நீட்டிப் பார்த்தார். அவருடைய நீளக் கை புள்ளியைத் தாண்டி ஒரு சாண் போனது. கையை மடக்கிப் புள்ளியின் மேல் வைத்துக்கொண்டார்.

வெயில் அவளுடைய கோடுகளை இப்போது மதிக்கவில்லை. மூன்று மாதத்தில் ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. ஆனாலும் அதே வழியில்தான், மெதுவாக, அவர் மணிக்கட்டில் ஏறி இறங்கியது.

பிறகு எழுந்து, பால்கனியிலிருந்து பெட்டிகளை அறைக்குள், அந்த வெயிலுக்குத் தூக்கி வந்தார். புதினாவைத் தனியாக வைத்தார். படுத்துவிட்ட கொத்தமல்லியைக் களைந்துவிட்டு, விதையை உள்ளங்கையில் வைத்து இரண்டாக உடையும்வரை தேய்த்தார். கண்ணீர் மறைத்தது. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பத்தரைக்கு வெயில் புள்ளியை நன்றாகத் தாண்டிப் போயிருந்தது. தையல் மிஷின் டிராயரைத் திறந்து நீலச் சாக்பீஸை எடுத்தார். அதன் ஒரு பக்கம் அவள் விரலுக்குத் தக்கபடி தேய்ந்திருந்தது. குனிந்து, அவள் விட்ட இடத்துக்கு அப்பால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதினார்: பத்தரை.