இரண்டு அங்குல மடிப்பு

காலை ஒன்பது மணிக்கு நீடாமங்கலத்திலிருந்து போன் வந்தபோது, தஞ்சாவூரில் என் டிசைன் கடையில், மங்களாம்பிகை அம்மாளின் மில்லுக்கு நான் வடிவமைத்த அரிசிப் பையைத்தான் புது வாடிக்கையாளர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். பேசியதும் அந்த அம்மாள்தான்.

"பரணி சார், உடனே கிளம்பி வாங்க. பையில தேதியைக் காணோம்."

"மேல கட்டம் போட்டிருக்கேனேம்மா. அதுக்குள்ள சீல் குத்தணும்."

"குத்தியாச்சு. தைச்சதும் காணோம்."

அரிசியை நிரப்பியபின் பையின் வாயை இரண்டு அங்குலம் மடித்துத் தைப்பார்கள். தேதி, எடை, விலை, உரிம எண் எல்லாவற்றையும் நான் அந்த இரண்டு அங்குலத்தில்தான் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் உப்பிய பை ஒன்றைச் செய்து, மூன்று கோணத்தில் சுழற்றி அவருக்குக் காட்டியிருந்தேன். அந்தப் பைக்கு யாரும் வாய் தைக்கவில்லை. நிஜப் பை ஒன்றில் நாலு படி அரிசியைக் கொட்டிப் பார்க்கும் புத்தி எனக்கும் வரவில்லை. விசிட்டிங் கார்டில் மட்டும் பதினெட்டு வருட அனுபவம்.

ஸ்கூட்டரில் பறந்தேன். வழியெல்லாம் சம்பா நடவு. நடவு ஆட்களின் வரிசை என் லேஅவுட்டைவிட நேராக இருந்தது.

மில்லில் இருநூறு பைகள் காத்திருந்தன. திருச்சியில் ஒரு பெரிய கடைக்கு முதல் லோடு. மாலை ஐந்து மணிக்குச் சரக்கு வாங்கும் கதவை மூடிவிடுவார்கள். தேதியும் எடையும் தெரியாத பையைத் திருப்பியனுப்பிவிடுவார்கள். கணவர் பஞ்சநதம் இறந்தபின் இரண்டு வருடமாக அந்த அம்மாள்தான் மில்லை நடத்துகிறார். கணவரின் தம்பி தியாகராசனுக்குப் பாதிப் பங்கு. இந்த லோடு திரும்பினால் மில் சாவி தன் கைக்கு வரவேண்டும் என்று அவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம்.

"வாங்க ஆர்டிஸ்ட்," என்றார் தியாகராசன். "நாங்க அரிசி விக்கிறோமா, கண்ணாமூச்சி ஆடுறோமா?" பிறகு அண்ணியிடம் திரும்பினார். "இந்த டிசைனுக்கு யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்," என்றார் அவர்.

அந்தக் கையெழுத்துப் போட்ட தாள் என் தோள்பையில் இருந்தது. அதன் கீழே, 'ஒப்புதலுக்குப் பிறகு வரும் பிழைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருந்தேன். அந்தப் பக்கத்தில் நான் மூன்று தடவை சரிபார்த்த ஒரே வரி அதுதான்.

"எங்க, அதைக் காட்டுங்க," என்று கையை நீட்டினார் தியாகராசன்.

தாளை எடுத்தேன். கொடுத்தால் நான் தப்பித்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, அடுக்கியிருந்த அரிசிச் சிப்பங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அம்மா ரெண்டு தடவை கேட்டாங்க, தையலுக்கு இடம் விட்டிருக்கான்னு. விட்டாச்சுன்னு சொன்னேன். விடலை. தப்பு என்னுதுங்க."

"யாரு தப்பா இருந்தா என்ன? லோடு போகுமா?" என்றார் தியாகராசன்.

ஸ்டிக்கர் ஒட்டியும் பார்த்துவிட்டார்களாம். தவிட்டுத் தூசியில் உரிந்து விழுந்ததாம். தையல் மெஷினில் இருந்த சைத்தூன் பீவி தலையை நிமிர்த்தினார்.

"மடிக்காம ஓரத்துலயே தைச்சா எழுத்து தெரியும்மா. தாங்குமான்னுதான் தெரியலை."

ஒன்றைத் தைத்தார். தாங்குகிறதா என்று பார்க்க, லோடுமேன் துரைராசு அதைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டார். வாய் பிளந்து அரிசி என் செருப்பை மூடியது.

"அட்சதை போட்டாச்சு," என்றார் தியாகராசன்.

"ரெண்டு தையல் போடு, சைத்தூன்," என்றார் மங்களாம்பிகை.

அடுத்தது விழுந்தது; பிளக்கவில்லை. இன்னொன்று. அதுவும் தாங்கியது. தைத்து முடித்திருந்த அறுபது பைகளையும் எல்லாருமாகப் பிரித்தோம். என் நகம் இரண்டு போயிற்று. இரண்டு மணிக்கு லாரி உறுமியபோது அந்த அம்மாள் என் கையில் கோணி ஊசியும் நூலும் திணித்தார்.

"நீங்களும் ஏறுங்க. எது பிளந்தாலும் அங்கயே தைச்சிருங்க."

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து போக, இருபது நிமிஷம். தஞ்சாவூரைத் தாண்டும்வரை கடிகாரத்தையும், அதற்குப் பிறகு கடவுளையும் பார்த்தபடி வந்தேன். திருச்சிக் கடையின் பின்வாசலில் லாரி நின்றபோது நாலு ஐம்பது. சரக்குப் பார்க்கும் பெண் ஒவ்வொரு பையாகத் தேதியைப் படித்து, வாயை இழுத்துப் பார்த்து உள்ளே அனுப்பினாள். என் உயிர் அந்த நூலில்தான் இருந்தது.

ஐந்தேகாலுக்குப் போன்.

"என்ன சார் ஆச்சு?"

"எடுத்துக்கிட்டாங்கம்மா."

போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் யாரிடமோ சொன்னது கேட்டது: "தம்பி, சாவி இங்கயே இருக்கட்டும்." பிறகு என்னிடம், "இருநூறுமா?"

"நூத்தித் தொண்ணூத்தொம்பது உள்ள போயிருச்சு. ஒண்ணு மட்டும் வழியில பிளந்துச்சு."

"தைச்சீங்களா?"

"தைச்சேன். என் சட்டையையும் சேர்த்துத் தைச்சிட்டேம்மா. கத்திரிக்கோல் எடுத்துட்டு வரப் போயிருக்காங்க."