பட்டியலில் பத்தொன்பதாவது

ஷட்டர் பூட்டில் வைத்த அரசாங்க அரக்கு காய்ந்த நிமிடத்தில், நூறடி பின்னால் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பஞ்சர்க்காரர் கையில் தட்டோடு கடைக்குள் இருந்தார். செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றேகாலுக்கு இது நடந்தது. அவர் மனைவி தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் நாற்காலி காலி. கொல்லை, குளியலறை, தெரு என்று தேடிவிட்டு, அரக்கு வைத்தவர்களைத் திட்டலாம் என்று அவள் கடைப்பக்கம் வந்தபோது, மூடிய ஷட்டருக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்கதான்டி இருக்கேன். தண்ணி எங்க?"

விஷயம் இதுதான். அந்தப் பக்கமாக நெடுஞ்சாலை வரப்போவதாக வரைபடம் தயாராகி, நடுக்கோட்டுக்கு அடையாளமாக மஞ்சள் கல்லும் நட்டிருந்தார்கள். கல்லிலிருந்து அறுபது மீட்டருக்குள் பெட்ரோல் பங்க் இருக்கலாம், குளிரூட்டிய பெரிய உணவகம் இருக்கலாம், பஞ்சர் கடை கூடாது. நெடுஞ்சாலையில் டயரே பஞ்சராகாது என்று மேலே யாரோ முடிவு கட்டியிருக்க வேண்டும். அளந்து பார்த்ததில் வீடு தப்பியது, கடை மாட்டிக்கொண்டது.

மூடுவதற்கு முன்னால் கடைச் சாமான்களைப் பட்டியலிட ஓர் அதிகாரி வந்தார். சிரிப்புக்கும் தன் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று இருக்கிற மனிதர். மனைவி சொல்லச் சொல்ல எழுதினார். கம்ப்ரசர் ஒன்று, டியூபை முக்கிப் பார்க்கும் தொட்டி ஒன்று, ஜாக்கி இரண்டு என்று போய்ப் பதினெட்டாவது வரியில் நின்றது. "வேற ஏதாவது இருக்காம்மா?"

"ஏன் இல்ல? இவரையும் எழுதிக்கோங்க. இருபது வருஷமா கடைய விட்டு நகர்ந்திருக்காரா?"

பஞ்சர்க்காரர் தொட்டியில் கையை வைத்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. பத்தொன்பது, பஞ்சர்க்காரர், ஒன்று, நல்ல நிலையில் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பாழாய்ப்போன வாய், பாழாய்ப்போன வாய் என்று அவள் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளாத நாள் அதற்குப் பிறகு கிடையாது.

முதல் வாரமே அக்கம்பக்கத்தார் கடையின் பின்சுவரை இடித்தார்கள். அவர் வெளியே வந்து மூன்று அடி வைத்தார், நான்காவது அடி உள்ளே விழுந்தது. சாயங்காலத்துக்குள் சுவரை அரசாங்கமே பூசி, அதன்மேல் இன்னொரு நோட்டீஸும் ஒட்டிவிட்டது. அவள் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். பட்டியலிலிருந்து ஒன்றை நீக்க வேண்டுமானால் கடைக்காரர்தான் மனுப் போட வேண்டும் என்றார்கள். கடைக்காரரே பட்டியலில்தானே இருக்கிறார் என்றாள். அப்படியானால் முடியாது, சாமான் மனுப் போட விதியில் இடமில்லை என்றார்கள். இந்த ஒரே பதிலைக் கேட்க அவள் பதினோரு வருடம் நடந்தாள்.

சாப்பாடு ஷட்டருக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாகப் போயிற்று. மகள் கல்யாணத்தன்று மணமக்கள் ஷட்டர் முன்னால் மண்டியிட்டார்கள், இடுக்கில் நீண்டு வந்த நாலு விரல்கள் இரண்டு பேர் கையையும் மாறி மாறித் தடவின. வருடத்துக்கு ஒருமுறை அதே அதிகாரி வந்து, இடுக்கில் டார்ச் அடித்துச் சாமான்களைச் சரிபார்த்தார். ஆறாவது வருடம் பத்தொன்பதுக்கு எதிரே 'சுமார்' என்று எழுதினார். பத்தாவது வருடம் 'பழுது' என்று எழுதினார். அதற்குள் உள்ளேயிருந்து பேச்சு நின்றுபோய், காலித் தட்டு மட்டும் சத்தமில்லாமல் வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்தும் பார்த்தாள். அவர் அசையவில்லை.

பதினோராம் வருடம் சாலையை வேறு பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். தடையை நீக்கும் உத்தரவு மட்டும் வரவில்லை, எப்போது வரும் என்று சொல்லவும் ஆளில்லை. அவள் கடைசித் தடவையாக அலுவலக ஜன்னல் முன்னால் போய் நின்றாள்.

"நீக்க முடியாதும்மா. எத்தனை தடவ சொல்றது? விட்டுப்போனது ஏதாவது இருந்தா சேக்கலாம், அவ்வளவுதான்."

"அப்ப என்னைச் சேத்துக்கோங்க."

அதிகாரி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். "விளையாட்டுக்குச் சொல்றீங்களாம்மா?"

"அன்னிக்குத்தான் சார் விளையாட்டுக்குச் சொன்னேன்."

அவர் பட்டியலை எடுத்து, இருபது, மனைவி, ஒன்று என்று எழுதினார். நிலை என்ற இடத்தில் பேனா நின்றது. "அவருக்கு என்ன போட்டிருக்கீங்களோ அதையே போடுங்க" என்றாள்.

முத்திரை விழுந்ததும் ஜன்னல் முன்னால் யாரும் இல்லை. வரிசையில் அடுத்து நின்றவர் ஓரடி முன்னால் வந்தார். வீட்டுக்குக் குடிவந்த மகள் இப்போது இடுக்கு வழியாக இரண்டு தட்டு தள்ளுகிறாள். டயர் இறங்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போகிறவர்கள், ஷட்டருக்குள்ளே புருஷன் பெண்டாட்டி சண்டை கேட்டால், மணி ஒன்றேகால் ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்கள்.