நீதிபதிக்கு ஒரு பால்குடம்

...அப்படியென்றால் இந்தக் குடத்தை இறக்கி வைத்துவிட வேண்டுமா, ஒச்சம்மாள் தன்னையே கேட்டுக்கொண்டு முருகன் கோயில் மேட்டில் ஏறினாள், பால் தளும்பி நெற்றியில் வழிந்தது. மாயாபந்தர் படகு ஜெட்டியருகே குடத்தைத் தூக்குகிற நேரம் பார்த்துத்தானா வக்கீலம்மா இந்திராணி போர்ட் பிளேரிலிருந்து கூப்பிட வேண்டும்? அக்கா, நீங்க வேண்டிக்கிட்ட ஜட்ஜுக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக ஆர்டர் வந்துருச்சு. டிவியில பாத்தேம்மா, அதுக்குத்தான் பால்குடம் எடுக்கப் போறேன். அக்கா... நம்ம கேஸ்ல வாதம் முடிஞ்சுச்சே தவிர அவர் தீர்ப்பு சொல்லல. இனிமே வேற ஜட்ஜு முன்னாடி முதல்லேருந்து பேசணும். முதலிலிருந்து என்றால்? சர்க்கார் நிலம், வீட்டைக் காலி செய் என்று வந்த நோட்டீசிலிருந்தா, செத்துப்போன புருஷன் அங்கே முதல் மூங்கிலை நட்ட நாளிலிருந்தா...

அவர் கல்கத்தா ஹைகோர்ட்டிலிருந்து அந்தமானுக்கு முறை வைத்து வருகிற நீதிபதிகளில் ஒருவர். இரண்டு பக்கமும் இங்கிலீஷில் சண்டை போட, நடுவில் கையமர்த்தி, மாம்லா, அதாவது வழக்கு, இந்த அம்மாவோடது, அவங்களுக்குப் புரியணும், இந்தியில சொல்லுங்க என்றார், இந்தியிலேயே. தன் வீட்டைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளுக்கு விளங்கியது. வெளியே வந்ததும், இவரை டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்கு எடுப்பாங்கன்னு பேச்சு என்றாள் இந்திராணி. யாரம்மா எடுப்பாங்க? அங்க பெரிய ஜட்ஜுங்க அஞ்சு பேர் உக்காந்து பேசிப் பேர் கொடுப்பாங்க, சர்க்கார் விசாரிக்கும், ராஷ்டிரபதி கையெழுத்துப் போடுவாங்க. அவர்கிட்ட கேஸ் நடத்துனவங்களைக் கேக்க மாட்டாங்களா? உங்களையா! இந்திராணி சிரித்துவிட்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே, இந்த மனிதர் ஏழையைப் பார்த்துப் பேசுகிறவர் என்று... கேட்க ஆளில்லை, அதனால் முருகனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டான். இவ்வளவு சீக்கிரமா கேட்பான்?

வழியில் கடை வாசலில் நின்ற தங்கம்மா விடவில்லை. என்ன மதினி, பால்குடமெல்லாம் தூள் பறக்குது, வீடு ஜெயிச்சிருச்சா? இல்லடி, ஜட்ஜய்யா ஜெயிச்சுட்டாரு. அடி ஆத்தி, பாகலா உனக்கு, பைத்தியமா, வீடு போகப்போகுது, ஊரான் வீட்டு உத்தியோகத்துக்கு நீ பால் சுமக்கிறியே! ஒச்சம்மாளுக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது. அவர் டெல்லிக்குப் போகாமல் இருந்து, காலி செய் என்றே எழுதியிருந்தால் இந்தக் குடம் தலைக்கு ஏறியிருக்குமா? நல்லவர் என்று முருகனிடம் சொன்னது அவருக்காகவா, நல்லவர் கையால் நல்லபடி தீர்ப்பு வரும் என்பதற்காகவா... அன்றைக்கு அவர் காட்டிய தயவில் அப்படி எந்த வாக்குறுதியும் இல்லையே, நான்தானே அதற்குள் வீட்டையும் சேர்த்து வைத்தேன்.

அர்ச்சகர் குடத்தை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு அர்ச்சனை என்றார். ஒச்சம்மாள் நீதிபதியின் பெயரைச் சொன்னாள். அதோடு நிறுத்த முடியவில்லை, இன்னொருத்தர் பேருக்கும் பண்ணுங்க சாமி என்றாள். பேரு? தெரியாது, இனிமேதான் வரப்போறாரு. நட்சத்திரமாவது தெரியுமா? தெரியாது. அர்ச்சகர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். மணி அடித்தது, கைகூப்பிக் கண்ணை மூடினாள்... வரப்போகிறவர் நல்லவராக இருக்கட்டும் என்று சொல்ல நினைத்தவளுக்கு, யாருக்கு நல்லவராக, எனக்கா என்ற கேள்விதான் வாயில் வந்தது.