முதல் இழுப்பு

ஐந்தரைக்கு எழுகிறேன். ஜன்னலின் இரண்டு கதவுகளையும் திறந்து கொக்கி மாட்டுகிறேன். பாயைச் சுருட்டி மூலையில் சாய்க்கிறேன். ஸ்டவ்வைப் பற்ற வைத்து ஒரு டம்ளர் காப்பி போடுகிறேன். குழாயடியில் இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கிறேன். முன்பு ஐந்து குடம். சவரம், குளியல். பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிடுகிறேன். வெங்காயம் உரிப்பதில்லை. எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிச் சைக்கிளை எடுக்கிறேன். ஜன்னலைச் சாத்துவதில்லை.

விளாங்குடியில் வீடு. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. ஆய்வகத்தில் மாணவர்கள் கண்ணாடிக் குழாயை வாயால் உறிஞ்சித்தான் திரவம் எடுப்பார்கள். "ஒருத்தர் வாய் வச்சதுல இன்னொருத்தர் வைக்காதீங்க, வெந்நீர்ல போடுங்க" என்று மூன்று வருடமாகத் தினமும் சொல்கிறேன். அதே மூன்று வருடமும் சாயங்காலங்களில் மூன்று பேர் வாய் வைத்த கஞ்சாச் சிலும்பியில் நான்காவதாக நான் வாய் வைத்தேன். இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை.

இடம், மொக்கையனின் வாழைத்தோப்பு பம்புசெட் அறை. மொக்கையன், லாரி ஓட்டும் நல்லகாமன், என்னோடு கல்லூரியில் படித்த ஹரிராம், நான். கஞ்சாவை உள்ளங்கையில் கசக்கி, சிலும்பியில் அடைத்து, அடியில் ஒரு ஈரத்துணியைச் சுற்றி இழுப்போம். துணி ஒன்றுதான். கை மாறும், துணி மாறாது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், வீட்டில் துக்கம் என்றால், முதல் இழுப்பு அவனுக்கு. அதை மரியாதை என்று நினைத்தோம். மருந்து என்றும் நினைத்தோம்.

எழுபத்தெட்டாம் வருடம், ஆனி மாதம். ரஷ்யக் காய்ச்சல் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அது இளவட்டங்களைத்தான் அதிகம் பிடிக்கிறது என்று கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த வாரம் நல்லகாமன் பம்பாய் லோடு முடித்து வந்தான். கண் சிவந்திருந்தது. உட்கார்ந்ததிலிருந்து இருமினான்.

"என்ன மாப்ள, பம்பாய்க்காரி எவளும் விரட்டிட்டாளா? இம்புட்டு இருமுற" என்றான் மொக்கையன்.

"போடா. தண்ணி ஒத்துக்கல. நெஞ்செல்லாம் கட்டிக் கெடக்கு."

"அப்ப மொத இழுப்பு ஒனக்குத்தான். சளி அத்துக்கிட்டு ஓடிரும்."

நல்லகாமன் இழுத்தான். இருமினான். துணியில் வாயை அழுத்தி மறுபடி இழுத்தான். அடுத்து மொக்கையன். பிறகு ஹரிராம். பிறகு நான். அறையில் இரண்டு பேர் பட்டதாரிகள்.

மொக்கையனுக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. ஹரிராம் இரண்டு நாள் படுத்து எழுந்தான். எனக்கு மூன்றாம் நாள் இருமல் வந்தது. கஞ்சா அடிக்கிறவனுக்கு இருமல் ஒரு சேதி இல்லை. வழக்கமானதுதான் என்றேன். என் மனைவி ஒச்சாயி ஒத்துக்கொள்ளவில்லை.

"மாமா, இது அந்த இருமல் இல்ல. இது வேற மாதிரி கேக்குது."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"தினம் கேக்குறவ நான்தான."

அன்று இரவே காய்ச்சல் ஏறியது. மூன்று நான்கு நாளில் விட வேண்டியது எனக்கு எட்டு நாள் இழுத்தது. படுக்கையிலும் கஞ்சாவைப் பீடியில் வைத்துப் புகைத்தேன். இழுத்தவுடன் நெஞ்சு இளகுவது போல இருக்கும். பிறகு இரண்டு மணி நேரம் இருமுவேன். மாடியில் வீட்டுக்காரம்மா ரங்கநாயகி. கல்லூரி வாத்தியார் என்றுதான் எங்களுக்கு வீடு கொடுத்தார். வாடை மேலே போகக் கூடாது என்று ஒச்சாயி ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய சேலையைத் திணித்து வைத்தாள். ஒரே அறை. உள்ளே நான், புகை, இருமல். பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவள். இழுக்காதே என்று ஒரு தடவைகூட அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பதும் தெரியவில்லை.

நான் எழுந்த அன்று அவள் படுத்தாள். மூன்றாம் நாள் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் அவளைப் பார்த்த பிறகு என் நெஞ்சிலும் குழலை வைத்துக் கேட்டார்.

"பீடியா?"

"அது மட்டும் இல்ல."

புரிந்துகொண்டார். "ஏற்கெனவே புகையால வெந்துபோன நெஞ்சு. அதுல காய்ச்சல் வந்தா லேசுல ஆறாது. நீங்க ஒரு வாரம் இருமினதெல்லாம் அவங்க மூச்சுல போயிருக்கு. அதனாலதான் இப்படி ஆச்சான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. நல்லது பண்ணல, அம்புட்டுத்தான்."

உறுதியாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

நிமோனியா. ஆறாம் நாள் இறந்தாள். இருபத்தொரு வயது. கடைசி நேரத்தில் நானும் என் மாமியாரும் கட்டிலருகே இருந்தோம். "எம்மக கடைசில 'அவரப் பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா" என்று மாமியார் எழவு கேட்க வந்த எல்லோரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை. அவருக்கு அது தேவைப்பட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்துத் தோப்புக்குப் போனேன். இழுக்க அல்ல. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். நல்லகாமன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மொக்கையன் சிலும்பியை நீட்டினான்.

"மொத இழுப்பு ஒனக்கு மாப்ள."

நீட்டும்போதே இருமினான். அந்த இருமல் என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"எத்தன நாளா இருமுற?"

"ரெண்டு நாளா. ஊரெல்லாம் திரும்பவும் வருதாம்ல. இழுத்தாச் சரியாயிரும்."

"இழுத்தா சரியாகாது. அந்தத் துணியிலதான் எனக்கும் ஹரிராமுக்கும் வந்துச்சு. ஒரு மாசத்துக்கு நிப்பாட்டுங்க. இல்ல, ஆளுக்கு ஒண்ணு தனியா வச்சுக்கங்க."

"இதுக்குத்தான் படிச்சவனோட சேரக் கூடாதுங்கிறது" என்றான் நல்லகாமன், வருத்தமாகத்தான். "ஒம் பொண்டாட்டி என்ன, கஞ்சாவா அடிச்சுச்சு? அது விதி மாப்ள. எனக்குந்தான் வந்துச்சு, நான் செத்தா போனேன்?"

ஹரிராமைப் பார்த்தேன். வேதியியல் படித்தவன். அவன் தீப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துணியை உருவி வாய்க்காலில் எறிந்தேன். மொக்கையன் கோபப்படவில்லை. தன் லுங்கி ஓரத்தைக் கிழித்து நனைத்துச் சுற்றினான். துக்கக்காரன் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் மொக்கையன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சின்னத்தாய்க்கு ஆறு மாதம். அவன் போர்த்திப் படுத்திருந்தான். அறைக்குள் அதே வாடை. ஜன்னல் சாத்தி, மேலே சாக்கு தொங்கியது. சாக்கை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன்.

சின்னத்தாய் ஓடிவந்து சாத்தினாள். "அண்ணே, பக்கத்து வீட்ல வாடை புடிச்சா மானம் போயிரும்."

"நீ திருமங்கலத்துக்கு ஒங்க அம்மா வீட்டுக்குப் போ. இன்னைக்கே."

"இந்த ஆளுக்கு யாரு கஞ்சி வைக்கிறது?"

"நான் வைக்கிறேன். எனக்கு வந்து போயிருச்சு. இப்போதைக்கு மறுபடி வராது."

"நீங்களா!" என்று சிரித்துவிட்டாள். "சுடுதண்ணி வைக்கத் தெரியுமாண்ணே ஒங்களுக்கு?"

"தெரியும். கெளம்பு."

போர்வைக்குள்ளிருந்து மொக்கையன், "மாப்ள, காலங்காத்தால எங் குடும்பத்தப் பிரிக்க வந்தியா?" என்றான். பேசி முடிக்காமல் இருமினான். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒச்சாயியும் அப்படித்தான் பிடித்தாள்.

"சின்னத்தாயி, வயித்துல ஒண்ணு இருக்கு."

"எப்படிண்ணே விட்டுட்டுப் போறது?" கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "ஒச்சாயி அக்கா போகையில கூட 'அவரப் பாத்துக்கங்க'ன்னுதான சொல்லிட்டுப் போச்சு? அம்புட்டு வேதனையிலயும் ஒங்க நெனப்பு. நான் மட்டும் வெறும் காய்ச்சலுக்குப் பயந்து ஓடுனா ஊரு என்ன சொல்லும்?"

"அவ அதச் சொல்லல."

மொக்கையனும் போர்வையை விலக்கிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரி வார்டில் ஒச்சாயியின் கட்டிலுக்கு நேரே பெரிய ஜன்னல். காற்று நன்றாக வந்தது. அவளுக்குத்தான் அதை இழுக்க முடியவில்லை. எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது என நினைக்கிறேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். அவள் கடைசியாகச் சொன்னதைச் சின்னத்தாயிடம் அப்படியே சொன்னேன்.

"மாமா, ஜன்னலச் சாத்துங்க. வீட்டுக்காரம்மாவுக்கு வாடை தெரிஞ்சிரும்."